மஞ்சள் பூ போட்ட மாத்திரைப் பெட்டி

அக்கா போன செவ்வாய்க்கிழமை ஊருக்குக் கிளம்பினாள். ஊர் என்றால், பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். எங்கள் புதுச்சேரியில் தெருவுக்கு நாலு குடும்பத்துக்காவது அப்படி ஒரு 'ஊர்' இருக்கும்.

கார் கதவைச் சாத்துவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக அந்த நேரத்தில் அழுவாள். இந்தத் தடவை அழவில்லை.

"எழுதிடு," என்றாள். "பாதி எழுதாத. முழுசா எழுது. நான் எங்க படிச்சு ஏமாந்தேனோ, அங்கியே படிக்கணும்."

கார் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே அவள் கை கொஞ்ச தூரம் அசைந்துகொண்டே போனது. ரொம்ப நேரம் கழித்தும் நான் மனசுக்குள்ளேயே சென்னை ஏர்போர்ட் ரோட்டில் அந்தக் காரோடு போய்க்கொண்டிருந்தேன் — காலாப்பட்டு, யுனிவர்சிட்டி கேட், சவுக்குத் தோப்பு, இடையிடையே எட்டிப் பார்க்கிற கடல்...

ஏமாந்தேனோ என்றாளே. அவளை ஏமாற்றியது யார் தெரியுமா? இதே பக்கம்தான். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்களே, வாரா வாரம் நான் எழுதுகிற இந்தப் பத்தி.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாலு மாதத்துக்கு முன் என் உடம்புச் சோர்வையும் சத்துக் குறைவையும் பற்றி எழுதியிருந்தேன். ரத்தம் டெஸ்ட் எடுத்ததில் வைட்டமின் டி தரைமட்டம், பி-12 அதைவிட மோசம். தார் ரோடு இளகுகிற ஊரில் இருந்துகொண்டு வெயில் சத்து குறைகிற ஒரே பிரகஸ்பதி நான்தான் என்று என்னையே கிண்டல் பண்ணியிருந்தேன். அப்புறம் அந்த மீன் எண்ணெய் கேப்ஸ்யூல். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விடிந்தால் கூடை கூடையாக மீன் ஏலம் போகிறது. நான் மீனை பாட்டிலில் வாங்கி, தண்ணீர் ஊற்றி முழுங்குகிறேன் என்று எழுதியிருந்தேன்.

நீங்கள் சிரித்தீர்கள். எத்தனை கடிதம், எத்தனை மெயில்... ஒரு அம்மா முருங்கைக்கீரை அடைக்குச் செய்முறையே அனுப்பியிருந்தார். செய்து பார்த்தோம். நன்றாக இருந்தது.

அதில் எழுதியது எல்லாம் நிஜம். டி நிஜம், பி-12 நிஜம், மீன் எண்ணெய் நிஜம். ஆனால் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது மூன்று இல்லை. நாலு. அந்த நாலாவதை நான் எழுதவில்லை. காலையில் டிபன் முடிந்ததும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. மனச்சோர்வுக்கு.

இந்த வார்த்தையைத் தட்டிவிட்டு, எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இனி கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

மனச்சோர்வு என்றதும் அழுதுகொண்டே இருப்பான் போல என்று நினைப்பீர்கள். எனக்கு அழுகையே வரவில்லை. ஒரு மாதிரி தூரம். அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. காலையில் பீச் ரோட்டில் நடக்கப் போவேன். கடல் இருக்கும். சத்தம் இருக்கும். ஆனால் அது பக்கத்து வீட்டு டிவியில் ஓடுகிற கடல் மாதிரி இருக்கும். ஜெயா — என் மனைவி — ஏதாவது கேட்பாள். பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அந்தப் பதில் கிளம்பி, வாய்க்கு வந்து சேர்வதற்குள் அவள் அடுப்படிக்குப் போயிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள்தான் ரொம்ப நீளம். ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஊர்ந்து வரும். முதலில் பீரோ ஓரம். அப்புறம் கடிகாரம். அப்புறம் காலண்டர். அது காலண்டரைத் தாண்டினால் சாயங்காலம் என்று அர்த்தம். தூங்கினேனா, விழித்திருந்தேனா... இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

இதில் வேடிக்கை, இந்தப் பத்தி மட்டும் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. சிரிப்பாக வேறு வந்தது. எப்படி என்று கேட்காதீர்கள்.

என் பிழைப்பைப் பற்றி இங்கே அதிகம் எழுதியதில்லை. தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், அட்டைப்பெட்டி அடிக்கிற ஒரு சின்ன கம்பெனியில் மேனேஜர். மாத்திரைப் பெட்டிகள்தான் எங்களுக்கு முக்கால்வாசி வேலை. பெட்டியும் நாங்கள்தான், பெட்டிக்குள் மடித்து வைக்கிற அந்த மெல்லிசுக் காகிதமும் நாங்கள்தான். மெஷின் முதல் ஷீட்டைத் தள்ளியதும் என்னிடம் கொண்டு வருவார்கள். கலர் சரியா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு ஓடும்.

ஒரு நாள் அப்படி ஒரு ஷீட் வந்தது. பெட்டி முழுக்க மஞ்சள். "சார், ஓகேவா?" என்று மெஷின்மேன் முனியப்பன் கேட்டார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் என்று கண் சொன்னது. அதற்கு மேல் ஒன்றுமே தோன்றவில்லை. நல்ல மஞ்சளா, மட்டமான மஞ்சளா, போன தடவை அடித்த மஞ்சளா... இருபது வருஷமாக மஞ்சளைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன் நான். அன்றைக்கு எனக்கு மஞ்சள் எட்டவில்லை.

கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஜெயாவிடம், "எனக்கு என்னமோ ஆகிடுச்சு," என்றேன். "தெரியும். நீங்களா சொல்றதுக்குத்தான் காத்துட்டிருந்தேன்," என்றாள். மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகக் கேட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார். அதில் வந்ததுதான் அந்த டி-யும் பி-12-ம். சத்து குறைந்தாலும் மனசு இப்படிப் படுத்துவிடும், இருக்கிற சோர்வு இன்னும் கூடும் என்றார். எனக்கு உடனே ஒரு நிம்மதி. அட, வெறும் சத்துக் குறைவு.

"அப்ப சத்து மாத்திரையை மட்டும் வச்சு ஓட்டிடலாமா டாக்டர்?"

"சத்து மாத்திரை தேவைதான் சார். அது துணைக்குப் போற ஆளு," என்றார். "கல்யாணப் பொண்ணுக்குத் துணைப் பொண்ணு போவாளே, அப்படி. துணைப் பொண்ணை மட்டும் மேடையில உக்கார வச்சா கல்யாணம் நடக்குமா?"

ஜெயா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அது நல்ல ஜோக் என்று எனக்குத் தெரிந்தது. அதுவே அன்றைக்குப் பெரிய விஷயம்.

கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "புதுசா எது ஆரம்பிச்சாலும், லேகியமோ பொடியோ பக்கத்து வீட்ல குடுத்த கஷாயமோ, எனக்கு ஒரு போன் பண்ணிட்டு ஆரம்பிங்க."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

அப்புறம் என்ன பண்ணினேன்? துணைப் பெண்ணை மட்டும் உங்கள் முன்னால் ஊர்கோலம் விட்டேன். கல்யாணப் பெண்ணை அறைக்குள் வைத்துப் பூட்டினேன். அந்த வெள்ளை மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, பி-12 டப்பாவுக்குள் கொட்டி வைத்தேன். யாராவது வந்து பார்த்தால்கூடச் சத்து மாத்திரை என்று நினைக்கட்டும்.

வெட்கம். வேறென்ன? சுகர் மாத்திரையை ஓட்டலில் நாலு பேர் பார்க்க எடுத்துப் போடுகிறோம். பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கல்யாண வீட்டில் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். இதை மட்டும் ஒளித்தேன். வாரா வாரம் சிரிக்க வைக்கிறவனுக்கே மனசு சரியில்லையாம் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று பயம். அக்காவுக்கும் சொல்லவில்லை. அவள் என்னைவிட எட்டு வயசு பெரியவள். சொன்னால் அங்கே உட்கார்ந்துகொண்டு கவலைப்படுவாள் என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டேன்.

மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. முதல் வாரங்களில் ஒன்றுமில்லை. தூக்கக் கலக்கம், கொஞ்சம் வயிற்றுப் புரட்டல். அப்புறம் ஒரு நாள் டீக்கடையில் நிற்கும்போது இஞ்சி வாசனை வந்தது. அந்த வாசனை தினமும் அங்கேதான் இருந்திருக்கும். நான்தான் இல்லை. இன்னொரு நாள் காலையில், பீச் ரோட்டில், ஒரு அலை பாறையில் மோதி என் செருப்பில் தெறித்தது. உப்பு. ஈரம். கடல் பக்கத்து வீட்டு டிவியை விட்டு வெளியே வந்துவிட்டது. நான் அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன். நடக்கிறவர்கள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இந்த நிலைமையில்தான் அக்கா லீவுக்கு வந்தாள்.

பாரிஸ் பெட்டி திறக்கிற வைபவம் உங்களில் சிலருக்குத் தெரியும். ஹாலில் பெட்டியைச் சாய்த்து வைத்து, சுற்றி எல்லாரும் உட்கார்ந்துகொள்வோம். திறந்ததும் ஒரு வாசனை வரும். சோப்பு, சாக்லேட், சென்ட், நடுவில் எங்கேயோ ஒரு சீஸ். அந்தச் சீஸை ஜெயா மூன்று டப்பாவுக்குள் வைத்து ஃப்ரிட்ஜில் பூட்டுவாள். அப்படியும் ஃப்ரிட்ஜைத் திறந்தால் அது வந்து வரவேற்கும். அப்புறம் மருந்துகள். மூட்டுக்கு ஒரு களிம்பு, தொண்டைக்கு ஒரு மிட்டாய், செரிமானத்துக்கு ஒரு பொடி. பாரிஸ் மருந்து என்றால் எங்கள் ஊரில் தனி மரியாதை. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டோம். ஃப்ரெஞ்சில் எழுதியிருந்தால் அது நல்லதாகத்தான் இருக்கும். நானும் பிறந்ததிலிருந்து இதே ஊர்தான். எனக்குத் தெரிந்த ஃப்ரெஞ்சு 'பொன்ழூர்', 'மெர்சி' இரண்டோடு முடிந்தது.

"அலோர்..." என்று அக்கா கடைசியில் ஒரு பெட்டியை எடுத்தாள். எந்தப் பேச்சையும் 'அலோர்' போட்டுத்தான் ஆரம்பிப்பாள். அங்கே முதியோர் இல்லத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஒட்டிக்கொண்ட பழக்கம். "தம்பி, இது உனக்கு. சோர்வா இருக்குன்னு பத்தியில எழுதியிருந்தியே. படிச்சதும் எனக்கு மனசே சரியில்ல. பார்மசியில கேட்டு வாங்கினேன். மருந்தே இல்லடா, செடி. மனசுக்குத் தெம்பா இருக்குமாம்."

நான் முதலில் பார்த்தது பெட்டியை. தொழில் புத்தி. என்ன அட்டை அது! முனை மடங்காத அட்டை, கத்தி போட்ட மாதிரி மடிப்பு, கண் தெரியாதவர்கள் தடவிப் படிக்கிற புள்ளிகள்கூட ஒன்று சறுக்காமல் எழும்பியிருந்தன. முகப்பில் ஒரு பூ. அஞ்சு இதழ். மஞ்சள்.

அந்த மஞ்சள் எனக்கு எட்டியது. நெஞ்சு வரைக்கும் வந்தது. நல்ல மஞ்சள், கொஞ்சம் சிவப்பு கலந்த மஞ்சள், மை கஞ்சத்தனம் பண்ணாத மஞ்சள் என்று வரிசையாகத் தோன்றியது. எனக்குக் கண் கலங்கியது. அக்கா அது தன் பரிசுக்காக என்று நினைத்திருப்பாள்.

"மில்பெர்துயின்னு பேரு," என்றாள். "அந்த ஊர்ல ரோட்டோரம் முளைக்கும். இலையை வெயில்ல தூக்கிப் புடிச்சுப் பாத்தா ஆயிரம் பொத்தல் தெரியும். ஊசி குத்தினாப்ல. ஒவ்வொரு பொத்தல்லயும் வெளிச்சம் நிக்கும்."

அன்றைக்கு மத்தியானம் படுத்திருந்தபோது அந்த இலை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆயிரம் பொத்தல். ஒவ்வொன்றிலும் ஒரு துளி வெயில். நான் அந்த இலைக்கு அடியில் படுத்திருக்கிற மாதிரி, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுகிற மாதிரி... அதற்கப்புறம் அந்த மாத்திரையைச் சாப்பிடாமல் இருக்க முடியுமா?

"டாக்டர்கிட்ட கேட்டுட்டீங்களா?" என்றாள் ஜெயா. "கேக்கலாம், கேக்கலாம்," என்றேன். செடிக்கு எதற்கு போன்? இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மனசுக்குள் ஒரு நப்பாசை. பூவே வேலை பார்த்துவிட்டால், அந்த வெள்ளை மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விட்டுவிடலாம். டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிற வேலை மிச்சம்.

மாத்திரை அட்டைகளை வீட்டில் எடுத்து வைத்துவிட்டு, காலிப் பெட்டியைக் கைப்பையில் போட்டு கம்பெனிக்குக் கொண்டுபோனேன். முனியப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம மெஷின்ல இந்த மடிப்பு வராது சார்," என்று பெருமூச்சு விட்டார். பெட்டிக்குள் அந்த மெல்லிசுக் காகிதம் மடித்தபடியே இருந்தது. அதையும் பார்த்தோம். எத்தனை மடிப்பு என்று எண்ணினோம். பிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் காகிதத்தை மடித்துப் பெட்டிக்குள் போக வைக்கிறவன் நான். ஒன்றைக்கூடப் பிரித்துப் படித்ததில்லை.

முதல் இரண்டு நாள் ஒரே வெளிச்சமாக இருந்தது. தூக்கம் குறைந்தது. எனக்கென்னவோ பத்து வயசு குறைந்த மாதிரி ஒரு பரபரப்பு. மூன்றாம் நாள் வேர்த்தது. இந்த ஊரில் வேர்க்காதவன் யார்? நாலாம் நாள் வயிறு சரியில்லை. சீஸ் மேல் பழியைப் போட்டேன். அஞ்சாம் நாள் கையெழுத்துப் போடும்போது பேனா தானாக ஆடியது.

ஆறாம் நாள் மத்தியானம் முனியப்பன் என்னை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். சட்டை முழுக்க ஈரம். தண்ணீர் டம்ளரைத் தூக்கினேன். அது என் கையிலிருந்து நழுவி, உருண்டு, அக்காவின் தட்டில் போய் நின்றது. கால் இரண்டும் மேஜைக்கு அடியில் தாளம் போட்டன. நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. பயமாக இருந்தது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வேலை பார்த்த கை, சட்டென்று நாடியைக் கண்டுபிடித்தது. "என்னடா இப்படி ஓடுது? புதுசா என்ன சாப்ட்ட?"

"நீ குடுத்த பூ மாத்திரைதான்."

"பெட்டி எங்க?"

கைப்பையில் இருந்தது. ஜெயா எடுத்துக் கொடுத்தாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் காகிதத்தைப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. மேஜையில் குழம்புக் கிண்ணம், சோற்றுத் தட்டு எல்லாவற்றின் மேலும் படுத்துக்கொண்டது. அக்கா விரலை வைத்து, ஃப்ரெஞ்சில் முணுமுணுத்து, எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

"அலோர்... மாசமா இருக்கறவங்க சாப்பிடக் கூடாது. அது நீ இல்ல. வெயில்ல ரொம்ப நிக்கக் கூடாது. ம்... ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க கூடாது. அது உனக்கு இல்ல. மனச்சோர்வுக்கு டாக்டர் குடுத்த மாத்திரை சாப்பிடறவங்க, இதைக் கூடவே சாப்பிடக் கூடாது. சாப்பிட்டா வேர்வை, நடுக்கம், படபடப்பு..."

விரல் அங்கேயே நின்றது.

"நடுக்கம்னு போட்டிருக்கே," என்றாள். அப்புறம் காகிதத்தைத் திருப்பினாள். "நல்ல வேளை, உனக்கு அந்தக் கதையெல்லாம் இல்ல."

ஜெயா என்னைப் பார்த்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் வெளிச்சம் அப்போதுதான் கடிகாரத்துக்கு வந்திருந்தது. எனக்குள் ஒரு யோசனை ஓடியதை மறைக்க மாட்டேன். ஜெயாவை மட்டும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய்விடலாம். வெயில் ஒத்துக்கவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிடலாம். அந்த நேரத்திலும், அந்த நடுக்கத்திலும், என் புத்தி ஒளிக்கத்தான் இடம் தேடியது.

என் கை மேஜையில் டகடகவென்று அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தன் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாள். பிடித்தபடியே அடுத்த வரியைத் தேடினாள்.

"இருக்குக்கா," என்றேன்.

"எது?"

"அந்தக் கதை. எனக்கு இருக்கு. மாத்திரை சாப்பிடறேன். நாலு மாசமா."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். என்னைத் திட்டவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. "ஜெயா, டாக்டருக்கு போன் போடும்மா," என்றாள்.

டாக்டர் போனில் கேட்டுவிட்டு இரண்டையும் நிறுத்தச் சொன்னார். உடனே வரச் சொன்னார். பெட்டியையும் எடுத்து வரச் சொன்னார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். நெஞ்சில் வயர் ஒட்டி, கையில் பாட்டில் ஏற்றி...

அந்தப் பூவுக்கு இங்கிலீஷில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று பேர் சொன்னார் டாக்டர். மனசுக்கு அது நிஜமாகவே வேலை செய்கிற செடிதானாம். அதுதான் பிரச்சினையாம். என் வெள்ளை மாத்திரை செய்கிற அதே வேலையை அதுவும் செய்கிறது. "ஒரே வாளிக்கு ரெண்டு குழாயைத் திறந்து விட்டுட்டீங்க சார். இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா நான் இவ்ளோ நிதானமாப் பேசிட்டிருக்க மாட்டேன்." அப்புறம் ஜெயாவைப் பார்த்து, "போன் பண்ணச் சொன்னேனே?" என்றார். ஜெயா என்னைப் பார்த்தாள். நான் சொட்டுச் சொட்டாக இறங்குகிற மருந்தைப் பார்த்தேன்.

சாயங்காலம் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. அரைத் தூக்கம். ஜன்னல் கம்பி வழியாக வெயில் சரிந்து வந்து கட்டிலில் விழுந்தது. அந்த இலை மறுபடியும் வந்தது. ஆயிரம் பொத்தல். இந்தத் தடவை அதைப் பிடித்திருந்தது யார் என்று தெரிந்தது. அக்கா. கண்ணைத் திறந்தால் அவள் நிஜமாகவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு கேட்டா," என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"பார்மசியில. சின்னப் பொண்ணு. இதைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டா. 'உங்க தம்பி வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?' ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இல்லம்மா, வெறும் வைட்டமின்தான். என் தம்பி பத்திரிகையில எழுதறவன். எல்லாத்தையும் எழுதிடுவான். அவனுக்கு ஒளிக்கவே தெரியாது.' சொல்லும்போது எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமாடா?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ மாதமாக வராதது. தலையணை நனைகிற அளவுக்கு வந்தது. அக்கா துடைத்துவிடவில்லை.

"உன் மேல கோவம் இல்லடா," என்றாள். அப்புறம், "இல்ல, கோவமாத்தான் இருக்கு," என்றாள். "என் கையால குடுத்தேன். என் தம்பிக்கு என் கையால. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா அதை நான் எந்தப் பெட்டியில போட்டுத் தூக்கிட்டுப் போவேன்?"

எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். கை நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் பூவின் வேலை உடம்பை விட்டுப் போகிற வரைக்கும் வெள்ளை மாத்திரையையும் ஆரம்பிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இடைவெளி எனக்குப் பெரிய பயம். பழைய தூரம் திரும்பி வந்துவிட்டால்? டி-யும் பி-12-ம் மீன் எண்ணெயும் இருந்தன. துணைப் பெண்கள் மூன்று பேரும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

அந்த நாட்களில் அக்கா தினமும் என்னோடு பீச் ரோட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு டிவி விஷயத்தை அவளிடம் சொல்லியிருந்தேன். பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்பாள்.

"இன்னைக்குக் கடல் எங்க இருக்கு?"

சில நாள், "இங்கதான்க்கா," என்பேன். சில நாள், "கொஞ்சம் தள்ளி இருக்கு," என்பேன். தள்ளி இருக்கிற நாட்களில் கொஞ்சம் ஒட்டி நடப்பாள். மீன்பிடிப் படகுகள் வெயிலுக்குள் கரைந்து போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அவள் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு டாக்டர் மறுபடியும் மாத்திரையை ஆரம்பிக்கச் சொன்னார். இப்போது அது பி-12 டப்பாவில் இல்லை. அதன் பெட்டியிலேயே, சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். இரண்டு பேர் கேட்டார்கள். சொன்னேன். ஒருத்தர், "எந்த டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டு நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.

கம்பெனியில் நான் இப்போது ஒரு தொந்தரவு. மடித்த காகிதத்தை எல்லாம் பிரித்துப் படிக்கிறேன். எழுத்து இத்தனை சின்னதாக இருந்தால் யார் படிப்பார்கள் என்று ஆர்டர் கொடுத்தவர்களிடம் சண்டைக்குப் போகிறேன். "சாருக்கு உடம்பு சரியாயிடுச்சு போல," என்றாராம் முனியப்பன்.

அக்கா கேட்ட மாதிரி எழுதிவிட்டேன். அவள் ஏமாந்த அதே பக்கத்தில். அவளை மாதிரி இன்னும் எத்தனை பேர் அந்தப் பழைய பத்தியைப் படித்துவிட்டு, வைட்டமின் மட்டும் போதும் என்று நினைத்தீர்களோ, எனக்குத் தெரியாது. உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். முருங்கைக்கீரை அடையை நிறுத்த வேண்டாம். டாக்டர் கொடுத்ததையும் நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, முகம் தெரியாத அந்தப் பார்மசிப் பெண்ணுக்கு. அக்கா இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் ரெண்டு தடவை கேட்டீர்களாம், உங்க தம்பி வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா என்று.

சாப்பிடறேன்மா. தினமும் காலையில, டிபனுக்கு அப்புறம், ஒண்ணு.